பழைய காரின் நாடி: உப்புக்காற்றில் இக்னிஷனும் இம்மொபிலைசரும்

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தின் வடகரையில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. கிழக்கே கடல், தெற்கே கழிமுகம். 1830-களில் சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து இரும்பு உருக்கிய ஊர் இது. அந்த இரும்பை இந்த ஊர்க் காற்று எவ்வளவு சீக்கிரம் தின்றுவிடும் என்பது இங்கே பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார். அவர் லீவில் வந்தால் ஓட்டுவதற்கென்று ஒரு மாருதி 800, ஒரு ஜென், ஒரு சான்ட்ரோ வாசலில் நிற்கும். மற்ற மாதங்களில் அது தார்ப்பாயை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அவர் வந்த மறுநாள் சாவியைத் திருப்பினால் செல்ப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. அல்லது பிடித்து, இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறது. கோளாறு தீப்பொறியிலா, சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பூட்டிலா? இரண்டையும் பிரித்தறிவது எப்படி? இதைத்தான் இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

பட்டறைகளில் இதற்கு உடனே கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: "இம்மொபிலைசர் போயிடுச்சு, ஈ.சி.எம். மாத்தணும்." என்ஜினை ஆளும் மின்னணுப் பெட்டியான ஈ.சி.எம்.மை மாற்றச் சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் கேட்கும் பதில் அது. கடற்கரை ஊர்களில் நிற்கும் பழைய கார்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் அவசரத்தில் சொல்லப்படுவது என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பாகம் போயிற்று என்று கேட்பதற்கு முன்னால், வண்டி எந்த வேளையில் மக்கர் செய்கிறது என்று கேட்க வேண்டும்.

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை இழுத்துக் கரைகிறது. இந்தக் கரையில் பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் பல மாதங்களுக்கு அந்த எல்லைக்கு மேலேயே இருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் பகலிலும் இறங்காது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் ஒயர்களிலும் கனெக்டர்களுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் உப்பு, விடியலில் மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாகிறது. வெயில் ஏறினால் காய்ந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்குப் பிடிக்காத வண்டி பத்து மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆவதற்குக் காரணம் இதுதான். மெக்கானிக் வந்து பார்க்கும்போது கோளாறு இருப்பதில்லை. இதற்கு நேர்மாறானது இன்னொரு வகை. காலையில் ஒழுங்காகக் கிளம்பி, பு.முட்லூர் தாண்டிக் கடலூர் சாலையில் உச்சி வெயிலில் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். அது சூட்டில் கெடும் கோளாறு. இக்னிஷன் காயில், மின்னணு இக்னிஷன் மாட்யூல், கிராங்க் சென்சர் ஆகிய மூன்றின் பக்கம்தான் அது கைகாட்டும். மூன்றாவது வகை, வேளை பார்க்காமல் குலுங்கினால் வருவது, கதவை ஓங்கிச் சாத்தினால் போவது. தளர்ந்த எர்த், தேய்ந்த சாவி சுவிட்ச், டேப் சுற்றிய ஒயர் இணைப்பு என்று தேட வேண்டும். இந்த மூன்று வகைக்குள் எதிலும் அடங்காமல், எந்த நேரத்திலும் எந்த நாளிலும் ஒரேபோல நடந்தால்தான் இம்மொபிலைசரின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து, அந்தக் காரில் எந்தத் தலைமுறை இக்னிஷன் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். 2014 வரை உற்பத்தியான அம்பாசடரின் பழைய பெட்ரோல் வண்டிகளிலும் பிரீமியர் பத்மினியிலும் இருப்பது பாயிண்ட் முறை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி உருவாக்கிய அமைப்பின் வாரிசு அது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு ஜோடி பாயிண்ட் திறந்து மூடுகிறது. திறக்கும் கணத்தில் காயிலின் முதல் சுற்றில் ஓடிய மின்னோட்டம் அறுபட்டு, இரண்டாம் சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக்கில் பொறியாக வெடிக்கிறது. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும், பெங்களூர் மைக்கோவின் பிளக்கும் நம் பக்கத்து மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிய பொருள்கள்.

இந்த முறையின் பெருமை, கோளாறை மறைக்கத் தெரியாது என்பதுதான். மூடியைத் திறந்தாலே பாயிண்ட் கருகியிருப்பது தெரியும். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். கண்டென்சர் கெட்டால் பொறி மெலிந்து மஞ்சளாகும், பாயிண்ட் சீக்கிரம் எரியும். பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு கண்டென்சரை அப்படியே விட்டால் சில வாரங்களில் அதே வண்டி அதே பட்டறைக்கு வந்து நிற்கும். அம்பாசடர் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பாயிண்டைத் தள்ளும் கட்டை தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும். பொறி விழும் நேரமும் பின்தங்கும். வண்டி இழுவை குறைந்து சூடாவதற்கு ரேடியேட்டரைக் குறை சொல்பவர்கள் முதலில் இதை அளந்து பார்ப்பது நல்லது.

கடலோரத்தில் இந்த வண்டிகளுக்கு வரும் தனி நோய், மூடியின் உட்புறம் கரிக்கோடு விழுவது. ஈரத்தில் உயர் அழுத்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் மூடியின் பரப்பிலேயே வழி தேடி ஓடும். ஓடிய தடம் கருகிக் கோடாகும். ஒருமுறை கோடு விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ, விளக்கெதுவும் இல்லாத இடத்தில் பானெட்டைத் திறந்துவைத்து வண்டியை ஓடவிட வேண்டும். கசியும் இடங்களில் நீலநிறப் பொறி ஊர்வது வெறுங்கண்ணுக்கே தெரியும். பிளக் ஒயர்கள் பழுத்திருந்தால் மாலை கட்டியதுபோல மின்னும்.

1990-களில் பாயிண்ட் போய் அந்த இடத்தில் மின்னணு மாட்யூல் வந்தது. மாசு விதிகள் இறுகியபோது, 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாருதி 800-க்கும் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. என்ற பெட்ரோல் தெளிப்பு முறை வந்தது, பொறியையும் பெட்ரோலையும் ஒரே ஈ.சி.எம். ஆளத் தொடங்கியது. 1998-இல் வந்த சான்ட்ரோவும் இந்தக் காலத்தின் பிள்ளைதான். இங்கே கண்ணால் பார்க்க அதிகமில்லை. கிராங்க் சென்சர் என்ஜின் சுற்றுவதை ஈ.சி.எம்.முக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் வராவிட்டால் என்ஜின் நிற்பதாகவே ஈ.சி.எம். கருதும், பொறியும் தராது, பெட்ரோலும் தெளிக்காது. இம்மொபிலைசர் தடுத்தாலும் பல கார்களில் விளைவு இதேதான். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும் இவ்வளவு பணவிரயமும்.

ஆனால் பிரித்தறியச் சாட்சிகள் டேஷ்போர்டிலேயே இருக்கின்றன. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி நிறுத்தினால் என்ஜின் சின்னம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஈ.சி.எம்.முக்கே மின்சாரம் போகவில்லை; ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் ஆகியவற்றைப் பார்க்காமல் வேறு எதையும் பேசுவதில் பொருளில்லை. விளக்கு எரிந்தால் பின்சீட்டின் பக்கம் காதை வைக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி 'ஊம்' என்று ஓடி நிற்கும். பிறகு செல்ப் அடிக்கும்போது, ஆர்.பி.எம். மீட்டர் உள்ள வண்டிகளில் முள் சிறிதாவது அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பல கார்களில் முள் அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சரின் தகவல் வரவில்லை என்று அர்த்தம். இம்மொபிலைசருக்கென்று தனி விளக்கு இருக்கும். சாவி வடிவமோ பூட்டு வடிவமோ போட்ட அந்த விளக்கு, சாவி 'ஆன்' ஆனபின் அணையாமல் வேகமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால், சாவியை வண்டி ஏற்கவில்லை. விளக்கு முறைப்படி அணைந்துவிட்டால் இம்மொபிலைசரை விட்டுவிட்டு வேறிடம் தேடலாம். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனைக்கு ஸ்கேனர் வேண்டாம், பணமும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பேட்டரியும் எர்த்தும். நான் இந்தப் பகுதியில் அதிகம் நிற்பதற்குக் காரணம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சாமியார்பேட்டை போன்ற கரையோர ஊர்களில் கோளாறின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பதே. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது காலி. செல்ப் சுற்றும்போது ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் செல்ப் சோம்பலாகச் சுற்றும், அதே கணத்தில் ஈ.சி.எம்.மும் இம்மொபிலைசரும் மயங்கிவிடும். சாவி சரியாக இருந்தும் விளக்கு சிமிட்டும். பேட்டரி பலவீனத்தை இம்மொபிலைசர் கோளாறு என்று தவறாகப் படிப்பது இப்படித்தான் நேர்கிறது.

பேட்டரி நன்றாக இருந்து மின்சாரம் போய்ச் சேராமல் இருப்பது இன்னும் தந்திரமானது. டெர்மினலில் பூக்கும் வெள்ளையும், செம்புக் கம்பியில் ஏறும் பச்சைக் களிம்பும் கண்ணுக்குத் தெரியும். கம்பியின் ரப்பர் உறைக்குள்ளேயே களிம்பு ஏறி, வெளியே புதிதுபோல இருக்கும் கேபிள் தெரியாது. அதைப் பிடிக்க மல்டிமீட்டரால் ஒரு சோதனை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும் மறுமுனையை என்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, இன்னொருவரை செல்ப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட் வரை காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால், அவ்வளவு மின்னழுத்தமும் எர்த் பாதையில் வீணாகிறது. பாசிடிவ் பக்கத்திலும் பேட்டரிக்கும் செல்ப் மோட்டாருக்கும் இடையே இதேபோல அளக்கலாம். வண்டி ஓடாமல் நிற்கும்போது ஓம் அளவில் கேபிளை அளந்து 'நல்லா இருக்கு' என்று சொல்வது பயனற்றது. நூறு இழைகளில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் நல்லதென்றே சொல்லும். செல்ப் கேட்கும் நூறு ஆம்பியரை அந்த ஓர் இழை தராது. இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு ஆட்டோ எலக்ட்ரீசியனும் முதலில் செய்யப் பழகிவிட்டால், இந்தக் கரையில் தேவையில்லாமல் மாற்றப்படும் ஈ.சி.எம்.கள் வெகுவாகக் குறையும் என்று நம்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை. பாயிண்ட் காலத்துப் பழக்கத்தில் பிளக் ஒயரைக் கழற்றி வண்டியின் உடம்பிலிருந்து எட்டப் பிடித்துப் பொறி பார்ப்பதை மின்னணு இக்னிஷனில் செய்யக் கூடாது. போக வழியில்லாத உயர் அழுத்தம் மாட்யூலையோ காயிலையோ உடைத்துவிடும். கையில் அடித்தால் ஆளுக்கும் ஆபத்து. எர்த் செய்த ஒரு பிளக்கையோ ஸ்பார்க் டெஸ்டரையோ பயன்படுத்த வேண்டும். ஈ.சி.எம். ஒயர்களில் பல்பு போட்ட டெஸ்ட் லாம்பால் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் சுற்றுகள் தாங்காது. ஒயரில் குத்திய துளை வழியே உப்பு ஈரம் இறங்கிப் புதிய களிம்பும் ஏறும்.

இனி இம்மொபிலைசர். 1990-களில் ஐரோப்பாவில் கார் திருட்டு பெருகியபோது இது பரவியது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமானது. நெதர்லாந்தின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இந்தக் கருவியால் கார் திருட்டு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். அமெரிக்காவில் கட்டாயமாக்கவில்லை, அங்கே இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களை இளைஞர்கள் 2021-க்குப் பின் கூட்டங்கூட்டமாகத் திருடிய கதை உலகறிந்தது. ஆகவே இந்தப் பூட்டு வீண் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவில் மாருதி 2000-களின் நடுப்பகுதியில் ஐகேட்ஸ் என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது.

வேலை செய்யும் முறை எளியது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவுக் கண்ணாடிக் குப்பியாகவோ சிறு கட்டையாகவோ ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையக் காயில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்தப் புலம் எழுப்பும்; அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால் ஈ.சி.எம். என்ஜினை ஓடவிடும். எனவே ரிமோட்டின் பேட்டரி தீர்ந்ததால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பது பழைய கார்களுக்குப் பொருந்தாது. அந்த பேட்டரி கதவைத் திறக்கத்தான்.

கெடும் இடங்களும் சில மட்டுமே. சாவி சிமெண்ட் தரையில் விழுந்து சிப் விரிசல் விடுவது ஒன்று. ஒரே வளையத்தில் இரண்டு சிப் சாவிகள் தொங்கி ஒன்றின் பதிலை மற்றது குழப்புவது இன்னொன்று. வளையக் காயிலின் மெல்லிய கம்பி அறுவதும் அதன் கனெக்டரில் களிம்பேறுவதும் உண்டு. கனத்த சாவிக்கொத்து மாட்டிப் பூட்டே தேய்ந்து ஆடுவதும் உண்டு. நம் பக்கம் அடிக்கடி நடப்பது ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். சாவி தொலைந்ததும் கடைவீதியில் இரும்பை மட்டும் வெட்டிய டூப்ளிகேட்டைப் போட்டுத் திருப்புகிறார்கள். கதவு திறக்கும், செல்ப் சுற்றும், வண்டி ஓடாது. கோளாறே இல்லை, சிப் இல்லை, அவ்வளவுதான். இந்தக் காரணங்களால் முதல் சோதனை எப்போதும் இரண்டாவது சாவிதான். அதைத் தனியாக, வேறு எந்தச் சாவியும் இல்லாமல் போட்டுப் பார்க்க வேண்டும். ஓடினால் கோளாறு முதல் சாவியில். இரண்டும் ஏற்கப்படாவிட்டால் வளையக் காயிலிலும் அதன் ஒயரிலும். ஈ.சி.எம். பெட்டிக்குள்ளேயே பழுது என்பது கடைசியில் வர வேண்டிய முடிவு.

இன்னொரு உண்மையும் உண்டு. பட்டறையில் 'இம்மொபிலைசர்' என்று சொல்லப்படுவது பல நேரம் கம்பெனி இம்மொபிலைசரே அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் கார் துணைப்பொருள் கடையில் மாட்டிய அலாரமும் சென்ட்ரல் லாக்கிங்கும் அது. டேஷ்போர்டுக்குக் கீழே இக்னிஷன் ஒயரை அறுத்து, நடுவில் ஒரு ரிலே வைத்து, முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். டேப்பின் பசை வெயிலில் உருகி வழிந்து, உள்ளே உப்பு ஈரம் புகுந்து களிம்பேறினால், ஓடும் வண்டி நடுச்சாலையில் அணையும். கம்பெனி இம்மொபிலைசர் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினைப் பொதுவாக நிறுத்தாது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டுமே அனுமதி கேட்கும். ஆகவே ஓட்டத்தில் அணையும் வண்டியில் முதலில் தேட வேண்டியது இந்த ரிலேயை. அதைக் கழற்றிவிட்டு அறுத்த ஒயரைச் சால்டர் வைத்து இணைத்து, மேலே சுருங்கும் குழாய் போட்டால் பல வண்டிகள் ஆயுசுக்கும் அந்தத் தொல்லையின்றி ஓடும்.

மழைவெள்ளத்தையும் எலியையும் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2015 நவம்பர் மழை கடலூர் மாவட்டத்தையே மூழ்கடித்தது. அப்படி ஒருமுறை தண்ணீர் ஏறிய வண்டி உடனே கெடாமல் ஓரிரு ஆண்டுகள் கழித்துக் கெடுவது வழக்கம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்க் கொத்தின் இணைப்புகள் மெல்லப் பச்சையாகின்றன. ஆகவே பழைய கார் வாங்குபவர் சீட் தண்டவாளத்தின் துருவையும் கார்ப்பெட்டின் அடியையும் பார்த்தே ஆக வேண்டும். எலிக்கு மாதக்கணக்கில் அசையாத கார் நல்ல குடியிருப்பு. சென்சர் ஒயர் அறுந்திருந்தால் அறுந்த முனையில் பல் தடம் இருக்கும்.

ஸ்கேனர் இவ்வளவையும் ஒரு நொடியில் சொல்லிவிடாதா? இந்தியாவில், கோளாறைக் காரே கண்டு பதிவுசெய்யும் ஓ.பி.டி. முறை 2010-இல் முதற்கட்டமாகவும் 2013-இல் இரண்டாம் கட்டமாகவும் விதியானது. அதற்கு முந்தைய கார்களில் சாக்கெட் வடிவமும் மொழியும் கம்பெனிக்கு ஒன்று. மலிவு விலை ப்ளூடூத் ஸ்கேனர் பலவற்றில் பேசவே பேசாது. பேசினாலும் அது தருவது ஒரு கோட். 'கிராங்க் சென்சர் சிக்னல் இல்லை' என்ற கோட், சென்சர் கெட்டதாலும் வரும், ஒயர் அறுந்ததாலும் வரும், எர்த் போனதாலும் வரும். அந்தக் கோட் எண்ணைப் படித்தவுடன் சென்சரை மாற்றுவதை நான் நோயறிதல் என்று ஏற்பதில்லை.

கடைசியாக எஞ்சுவது உரிமைக் கேள்வி. உண்மையிலேயே சாவியைப் புதிதாகப் பதிய வேண்டியிருந்தால் அதற்கான ரகசிய எண்ணும் மென்பொருளும் கம்பெனியிடம் இருக்கின்றன. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. 2022-இல் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. ஆனால் பரங்கிப்பேட்டையில் நிற்கும் ஒரு பழைய ஃபோர்டு ஐகானுக்கோ ஷெவர்லே காருக்கோ இதனால் பெரிய விடிவு வரவில்லை. ஷெவர்லே 2017-இல் இந்தியச் சந்தையை விட்டது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கம்பெனி விலகினாலும் சாவி எண்ணும் பதிவு மென்பொருளும் அந்தக் கார்களின் உரிமையாளருக்குக் கிடைப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். ஒரு காலத்தில் ஃபியட் தன் கார்களோடு ஐந்து இலக்க எண் பொறித்த அட்டை தந்தது. உரிமையாளரே அவசரத்தில் அந்த எண்ணைக் கொண்டு என்ஜினை ஓடவைக்க முடிந்தது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

சட்டம் வரும்வரை சிலர் ஈ.சி.எம். மென்பொருளிலிருந்து இம்மொபிலைசரையே அழித்துவிடுகிறார்கள். கைவிடப்பட்ட காருக்கு அது கடைசி வழியாக இருக்கலாம். ஓடும் கம்பெனியின் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கார் திருடுபோனால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் பொருள்களில் இரண்டு அசல் சாவிகளும் உண்டு. எனவே பழைய கார் வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தோடு இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். சாவியோடு வந்த எண் தகட்டையும் கோட் அட்டையையும் வாங்கி, இரண்டு சாவியாலும் தனித்தனியே ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். ஒரே சாவிதான் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், இரண்டாவது சாவி செய்து பதிவதற்கு ஆகும் தொகையைக் கம்பெனி டீலரிடம் விசாரித்து, அதை விலையில் கழித்துக்கொள்ளலாம்.